முதலில் வடிவது

வடிசாலையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை துடைப்பது. இரண்டாவது வேலையும் துடைப்பதுதான். செப்புப் பானை பளபளவென்று மின்னுவதையும், மரப்பீப்பாய்களுக்கு முன்னால் தாடி வைத்த ஆண்கள் கைகட்டி நிற்பதையும் படங்களில் பார்த்துவிட்டு யாராவது இந்தத் தொழிலுக்கு வர நினைத்தால், அவர்களிடம் முதலில் ஒரு வாளியையும் துணியையும் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு பேசலாம். நிலம், மேசை, குழாய், நொதிக்கவிடும் தாங்கி, தாங்கியின் மூடி, மூடியின் விளிம்பு, மறுபடியும் நிலம். நான் பல வருடங்கள் பாண் தொழிற்சாலையில் மாக்குழைத்தவள். துடைப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தேன். இங்கே சாராயத்தால் துடைத்தேன்.

சரியாகச் சொன்னால், சாராயத்தின் தலையால். வடிக்கத் தொடங்கியதும் குழாயில் முதலில் வருவதைத் தலை என்பார்கள். அது குடிக்க உதவாது. கண்ணை எரிக்கும், மண்டையைப் பிளக்கும். அதற்குப் பிறகு வருவது நடு. போத்தலுக்குள் போவது அதுதான். கடைசியில் வருவது வால். நனைந்த அட்டைப்பெட்டியையும் அவித்த முட்டைக்கோவாவையும் ஒன்றாக முகர்ந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். தலையை எங்கே வெட்டுவது, வாலை எங்கே வெட்டுவது என்பதுதான் இந்தத் தொழிலின் முழுப் படிப்பும். அளக்க மானிகள் இருக்கின்றன. ஆனாலும் கடைசித் தீர்ப்பு மூக்கினுடையது. வெட்டி எடுத்த தலையை வீணாகக் கொட்ட மனமில்லாமல், மேசையும் கண்ணாடியும் துடைப்பதற்கு வைத்துக்கொள்வார்கள். துடைப்பது புதிதாக வந்த ஆளின் வேலை. அதனால் அந்தப் பனிக்காலத்தில் என் வேலைக் கோட்டின் கைகள் இரண்டும் முழங்கைவரை தலையில் ஊறிக்கிடந்தன.

எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் டொராண்டோவில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார்; அந்தக் கதையை எழுத வேறு ஆள் பார்க்கவேண்டும், எனக்கு நேரமில்லை. மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் அம்மாவும் இருந்தோம். பாண் தொழிற்சாலையை மூடிக்கொண்டு முதலாளிகள் வேறு மாகாணத்துக்குப் போனபோது, என்னோடு வேலைசெய்த பெண்கள் கார்டெரி என்கிற பகல் காப்பகத்தில் பிள்ளை பார்ப்பதற்குப் படிக்கப் போனார்கள். நான் சாராயம் காய்ச்சப் படிக்கப் போனேன்.

ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னேன். ஈஸ்டோடு எனக்கு நல்ல பழக்கம் என்றேன். சிறிய வடிசாலைகள் இப்போது நன்றாக ஓடுகின்றன என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் உண்மை என் தம்பி.

தம்பி குடித்துச் செத்தான். எங்கள் ஆட்கள் அதை 'ஈரலில பிரச்சினை' என்று சொல்வார்கள். ஈரல் பாவம், தன் பாட்டில் கிடந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தான். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று பிரஷர் குக்கரில் ஒரு செப்புக் குழாயைப் பொருத்தித் தானே வடிக்கத் தொடங்கினான். சீனி, முந்திரிகை வற்றல், பாண் ஈஸ்ட், கையில் அகப்பட்ட எல்லாம். ஒரு இளவேனிலில் மேப்பிள் தோட்டத்திலிருந்து ஒரு பெரிய கலன் நிறையச் சாறு கொண்டுவந்தான். "மரத்தால வடியிறதெல்லாம் கள்ளுத்தானே அக்கா," என்று சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விடிந்தால் நுரைத்துவிடும் என்று காத்திருந்தான். பனங்கள்ளைக் கண்டு வளர்ந்தவன் வேறு எப்படி நினைப்பான்? அது நுரைக்கவில்லை. சளி மாதிரி நூல்நூலாக இழுபட்டது. சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தோம். அதையும் சீனி போட்டு வடித்துத்தான் விட்டான்.

நல்லவன். அம்மாவை ஊரிலிருந்து கூப்பிட்டது நானில்லை, அவன்தான். குடிவரவுக் கந்தோர் கந்தோராக அலைந்து கூப்பிட்டான். யார் வீட்டில் குழாய் உடைந்தாலும் வந்து நிற்பான். "அக்கா, ஒருநாளைக்கு லைசென்ஸ் எடுத்து ஒழுங்கா ஒண்டு செய்வம். நீ ஈஸ்டைப் பார், நான் குழாயைப் பாக்கிறன்," என்று சொல்வான். நான் "முதல் நீ ஒழுங்கா இரு" என்று சொல்வேன். அவன் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன்மேல், குக்கர்மேல், செத்தவீட்டில் அவனைப் பற்றி உருகி உருகிப் பேசிவிட்டு வெளியே போய்க் குடித்தவர்கள்மேல். அந்தக் கோபத்தை எங்கேயாவது கொண்டுபோய் வைக்கவேண்டியிருந்தது. ஒழுங்கான இடமொன்றில் ஒழுங்கான செப்புப் பானைக்கு முன்னால் நின்று அதை ஒழுங்காகச் செய்து காட்டவேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது.

கோயில் மண்டபத்தில் விஷயம் பரவியதும் அதிகம் திடுக்கிட்டவர்கள் குடிக்கிற ஆண்கள்தான். "பொம்பிளைப் பிள்ளை செய்யிற வேலையோ உது?" என்று ஒரு அண்ணை என் காதுபடவே கேட்டார். கலியாண வீடுகளில் கார்த் தரிப்பிடத்தில் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கோப்பையோடு குனிந்து நிற்கிற முதுகுகளில் அவருடைய முதுகு எது என்று எனக்குத் தெரியும். "திறந்தாப் பிறகு சொல்லுறன் அண்ணை. டிக்கிக்குள்ள வைக்க வசதியாச் சின்னப் போத்தலும் போடுறன்," என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை.

அம்மாவுக்குத்தான் சொல்லப் பயமாக இருந்தது. தம்பி போன நாளிலிருந்து அம்மா அவனுடைய பெயரைச் சொல்வதில்லை. அவனுடைய படத்தைச் சாமியறையில் வைத்துவிட்டு, விளக்கேற்றும்போதுகூட அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவனுடைய உடுப்புகளை யாரையும் கேட்காமல் ஒரு கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்காரன் வரும் நாளில் வாசலில் வைத்தவர் அம்மா. நான் விஷயத்தைச் சொன்னபோது கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். மிச்சக் கத்தரிக்காயையும் வெட்டி முடித்தார்.

பிறகு, "செய்யிறதெண்டால் செய்," என்றார். "ஆனா அந்த மணத்தோட என்ர வீட்டுக்குள்ள வராதை. செத்தவீட்டால வாறமாதிரிப் பின்பக்கத்தால வா. உடுப்பை வெளியில போட்டிட்டு, முழுகிப்போட்டு உள்ள வா."

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலையில் தண்ணீர் வார்க்காமல் எதையும் தொடக்கூடாது என்பது எங்களுக்குள் எல்லா வீட்டிலும் உள்ளது. ஆனால் செத்தவீடு எப்போதாவது வரும். எனக்கு வேலைநாள் எல்லாம் செத்தவீடாகிவிட்டது. பின்படிக்கட்டின் உச்சியில், கதவுக்கு வெளியே, பனி உள்ளே வராமலிருக்கப் பலகை அடித்த ஒரு சின்ன அடைப்பு இருக்கிறது. அங்கே நின்று, விறைத்த விரல்களால் வேலைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். அம்மா பின்கதவைத் திறந்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். குளியலறை பின்கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது, நல்லகாலம். நேராகப் போய்த் தலைமுழுகுவேன். வெளியே வந்தால் மேசையில் தேத்தண்ணீர் இருக்கும். கோப்பையைத் தரும்போது அம்மாவின் விரல்கள் பட்டால் ஐஸ்கட்டியாக இருக்கும். வயதானவர்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்று நினைத்துக்கொள்வேன். இந்த ஊர்க் குளிரில் ஈரத்தலையோடு இருந்து எனக்குத் தடிமன் பிடித்ததுதான் மிச்சம். மணத்தைப் பிடிக்கிற வேலைக்குத் தடிமன் எவ்வளவு உதவும் என்று சொல்லத் தேவையில்லை.

வடிசாலை, ஒரு காலத்தில் தையல் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. எனக்குப் படிப்பித்தது என் மகளின் வயது மதிக்கத்தக்க ஒரு பெண், எனக்கு மகள் இருந்திருந்தால். பெற்றோர் ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் மொன்றியலில். என்னை 'மதாம்' என்று கூப்பிடுவாள், ஆனால் நான் துடைத்த மேசையில் விரலை ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். நாங்கள் பேசியது பிரெஞ்சில். அவளுடைய பிரெஞ்சு வேகமானது, என்னுடையது பாண் தொழிற்சாலைப் பிரெஞ்சு. இங்கே அதை என் தமிழில்தான் எழுதமுடியும்.

கம்பு மாதிரியான ஒரு தானியத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கஞ்சியாக்குவதும், சூடு இறக்கி ஈஸ்ட் போடுவதும், அது பொங்கி அடங்குவதைப் பார்த்திருப்பதும் எனக்குச் சீக்கிரம் கைவந்தன. ஈஸ்ட் போடும் சூட்டை நான் மானி வைக்காமல் சொன்னபோது அவளே வந்து மானியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஆவி வெளியே கசிந்தால் ஒரு பொறி போதும் என்பதையும் மனதில் பதித்துக்கொண்டேன். தம்பியின் நிலக்கீழ் அறையில் குக்கருக்குப் பக்கத்திலேயே அவன் சிகரெட் பற்றவைப்பது நினைவுக்கு வந்தது.

பிறகு மூக்கின் பாடம் தொடங்கியது. வடிந்ததைச் சின்னச் சின்னப் போத்தல்களில் வந்த ஒழுங்கிலேயே பிடித்து வைப்பார்கள். பாடத்துக்காக அந்தப் பிள்ளை ஒழுங்கைக் கலைத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, என் முன்னால் வரிசையாக வைத்தாள். "நல்லது எது எண்டு எடுத்துத் தாங்கோ, மதாம்." நான் ஒவ்வொன்றாக முகர்ந்தேன். சில போத்தல்களில் ஒன்றுமேயில்லை, சும்மா சுத்தமாக இருந்தது. சிலவற்றில் அட்டைப்பெட்டி மணம். ஒன்றில் மட்டும் இனிப்பும் காரமுமாக, பழுத்துப்போன வாழைப்பழமும் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரும் சேர்ந்ததுபோல் ஒன்று எழும்பி வந்தது. எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இதுதான் சாராயம். எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"இது தலை, மதாம்," என்றாள். "இதாலதான் நீங்கள் மேசை துடைக்கிறீங்கள்."

துடைக்கும்போது அது மேசையின் மணமாக இருந்தது. போத்தலில் நல்லதைத் தேடி முகர்ந்தபோதோ, என் மூக்கு நேராக அதனிடம்தான் போனது. அடுத்த முறையும் அதைத்தான் எடுத்தேன். அதற்கடுத்த முறை, அது தலை என்று அறிவுக்குத் தெரிந்திருந்தும், வேறொன்றை நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை. மற்றப் போத்தல்களில் இருந்தது எனக்கு வெறும் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. அந்தப் பிள்ளை பொறுமைசாலி, ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். "மதாம், நீங்கள் நல்ல உழைப்பாளி. எல்லாம் செய்வீங்கள். ஆனா இது வராட்டில் நீங்கள் திறக்கேலாது. ஆக்களுக்கு மண்டையிடி விக்கக்கூடாது," என்றாள். அவள் சொன்னது சரி. எனக்கென்று ஒரு இடம் பார்த்து வைத்திருந்தேன், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில். பானைக்குச் சொல்லியாகிவிட்டது. கோடையில் திறப்பதாகத் திட்டம். என் மூக்குத் திருந்தாவிட்டால் எதுவும் இல்லை. திரும்பவும் எங்காவது மாக்குழைக்கப் போகவேண்டியதுதான்.

ஒருநாள் நான் மறுபடியும் அதே போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அதை என்னிடமிருந்து வாங்கவில்லை. "இது உங்களுக்கு ஆர்?" என்று கேட்டாள். 'என்ன' என்று கேட்கவில்லை, 'ஆர்' என்றுதான் கேட்டாள். "எல்லாற்ர மூக்கும் முதல் ஒரு ஆளிட்டத்தான் பழகுது, மதாம். உங்களுக்கு இது ஆர்?"

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. கதவைத் திறந்ததும் அவனுடைய அறையிலிருந்து வருகிற மணம். குழாய் திருத்த வந்து குனியும்போது அவனுடைய சட்டையிலிருந்து வருகிற மணம். தீபாவளிக்கு வந்து "அக்கா" என்று கட்டிப்பிடிக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிற மணம். எனக்குத் தெரிந்த சாராயம் ஒன்றே ஒன்றுதான், அது என் தம்பி. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "முதல் வாறதுதான் அக்கா வேகம்" என்று சொல்லி, முதலில் வடிவதை எப்போதும் தனக்கு எடுத்து வைப்பான். அதற்குப் பிறகு வருவதை, 'வேகம் குறைஞ்சது' என்று நினைத்து, கூட்டாளிகளுக்கு ஊற்றிக் கொடுப்பான். நல்லதையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கழிவைத் தான் குடித்திருக்கிறான், நல்லதைக் குடிக்கிறோம் என்ற பெருமையோடு. பைத்தியக்காரன். நான் போத்தலை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நிலத்தில் இருந்து அழுதேன். செத்தவீட்டில் வராத அழுகை, துடைத்துப் பளபளப்பாக்கிய அந்த நிலத்தில் வந்தது. அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தாள்.

அந்த மாதத்தில்தான் தம்பியின் திவசம் வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது வழக்கம். கணவாய்க் கறி, முட்டைப்பொரியல், மிக்சர்ப் பை ஒன்று. சில வீடுகளில் ஒரு சின்னக் கிளாசில் சாராயமும் வைப்பார்கள். வடிசாலையிலிருந்து நல்ல நடுவில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். தலையுமில்லை, வாலுமில்லை, சுத்தமானது. இதையாவது அவன் ஒருமுறை குடிக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அது அவனைத் திண்டது, பிள்ளை. அதை அவனுக்குப் படைக்கிறதோ?"

"இது அதில்லை அம்மா. இது நல்லது."

"அப்ப இது அவனுக்குத் தெரியாதது. தெரியாததை ஏன் வைக்கவேணும்?" என்று சொல்லிவிட்டு அம்மா சோற்றில் கணவாய்க் கறியை ஊற்றினார். நான் போத்தலைக் கொண்டுபோய்ப் பின்னால் அடைப்புக்குள் வைத்தேன். எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக இருந்தது.

ஆத்திரத்துக்கு வேறு காரணமும் இருந்தது. வேலைக் கோட்டை நான் மாட்டிவிட்டுப் போகிறமாதிரி மறுநாள் காலையில் அது இருப்பதில்லை. கழுத்துப் பட்டி நேராக்கப்பட்டிருக்கும். பொத்தான்கள் பூட்டியிருக்கும். கைகள் இரண்டும் முன்னுக்கு மடிக்கப்பட்டிருக்கும். தம்பி இருந்த காலத்தில் அவன் வீட்டுக்கு வந்தால் அம்மா முதல் செய்கிற வேலை, அவன் குளியலறைக்குப் போனதும் அவனுடைய கோட்டுப் பைகளைத் தடவிப் பார்ப்பது. சின்னப் போத்தல் அகப்பட்டால் கழுநீர்த் தொட்டிக்குள் ஊற்றிவிடுவார். அந்த வேலையை இப்போது என்னிலும் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். இந்த வயதில், நான் குடிக்கிறேனா என்று சோதனை! வேண்டுமென்றே ஒருநாள் கோட்டுப் பைக்குள் ஒரு புளி டொஃபியைப் போட்டு வைத்தேன். கள்ளி அகப்படட்டும் என்று. அம்மாவுக்குப் புளி டொஃபி என்றால் உயிர். மறுநாள் பார்த்தேன், பொத்தான்கள் பூட்டியிருந்தன, பட்டி நேராக இருந்தது, டொஃபி போட்ட இடத்திலேயே கிடந்தது. அதற்கு மறுநாளும் கிடந்தது. நான் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல் டொஃபியைத் தின்றுவிட்டேன்.

வடிசாலையில் நான் நல்லதைத் தேடுவதை விட்டுவிட்டேன். நல்லது எது என்று என் மூக்குக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதுமில்லை. அதற்குத் தெரிந்தது ஒருவனைத்தான். அப்படியானால் அவனையே பிடித்துக்கொண்டு போவோம் என்று நினைத்தேன். ஒரு காலைநேரம், வடிந்த ஒழுங்கில் போத்தல்களை வரிசையாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். இதில் இருக்கிறான். இதிலும் இருக்கிறான். இதில் கொஞ்சம் தள்ளி நிற்கிறான். இதில் கதவடியில் நிற்கிறான், போகிறேன் அக்கா என்று சொல்கிறமாதிரி. இதில் இல்லை. திரும்பவும் முகர்ந்தேன். இல்லை. அந்தப் போத்தலில் விரலை வைத்து, "இஞ்சையிருந்து நடு," என்றேன்.

அவள் முகர்ந்து பார்த்தாள், நாக்கில் ஒரு துளி வைத்துத் துப்பினாள். "சரி, மதாம்," என்றாள். அடுத்தநாள் ஒழுங்கைக் கலைத்து வைத்தாள், சரி. வேறு பானையில் வடித்ததை வைத்தாள், அதுவும் சரி. அவன் போகிற இடம் எனக்கு ஒருநாளும் தவறவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவதுதான் இனி என் தொழில்.

அதற்குப் பிறகு துடைக்கும் வேலை என்னைவிட்டுப் போனது. கையுறையும் நீளமான ஏப்ரனும் போட்டுக்கொண்டு பானையின் வாயடியில் நிற்கத் தொடங்கினேன். பனி கரைந்து பின்படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வழக்கம்போலக் கோட்டை ஆணியில் மாட்டினேன், வழக்கம்போல முழுகினேன், வழக்கம்போலத் தேத்தண்ணீருக்கு முன்னால் வந்து இருந்தேன். அம்மா எனக்கு எதிரே இருந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"கொஞ்ச நாளா உன்ர கோட்டில ஒண்டும் மணக்கேல்லை, பிள்ளை," என்றார்.

இதற்காவது சந்தோஷப்படுகிறாரே என்று நினைத்தேன். "ஓம் அம்மா. நான் இப்ப துடைக்கிறேல்லை. படிச்சு முடிச்சிட்டன். அந்த மணத்தை வெட்டி எறியிறதுதான் இனி என்ர வேலை. இனி மணக்காது, பயப்பிடாதைங்கோ."

அம்மா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப இனி வராதோ?" என்று கேட்டார்.

அம்மாவின் முகத்தைப் பார்க்கமுடியாமல் பின்கதவைப் பார்த்தேன். பூட்டியிருந்த பொத்தான்களும், நேராக்கிய கழுத்துப் பட்டியும், தொடாத டொஃபியும், ஐஸ்கட்டி விரல்களும் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. அம்மா என் கோட்டுப் பையை ஒருநாளும் தடவவில்லை. நான் உள்ளே முழுகிக்கொண்டிருந்தபோது, அந்தக் குளிரில், அந்தப் பலகை அடைப்புக்குள், அம்மா தன் பிள்ளையோடு இருந்திருக்கிறார். உடுப்பெல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, பிறகு அதில் ஒன்றையாவது வைத்திருக்கலாமே என்று எத்தனை தடவை நினைத்தாரோ. தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டும்வரை இரண்டு பேரும் இருந்தோம்.

கோடையில் என் வடிசாலையைத் திறந்தேன். சின்ன இடம், சின்னப் பானை, அண்ணைமாருக்குச் சின்னப் போத்தலும் உண்டு. என் நடு சுத்தமானது என்று குடிக்கிறவர்கள் சொல்கிறார்கள். அதில் அவன் ஒரு துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும். முதலில் வடிவதை மட்டும் ஒரு கண்ணாடிப் போத்தலில் தனியாக எடுத்து வைக்கிறேன். மேசையை இப்போது சவர்க்காரத் தண்ணீரால்தான் துடைக்கிறேன், தலையை அதற்குச் செலவழிப்பதில்லை. வேலை முடிந்ததும் அந்தப் போத்தலைத் திறந்து, பழைய வேலைக் கோட்டின் கைகளிலும் கழுத்துப் பட்டியிலும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வருகிறேன். வழியில் டெப்பனர்க் கடைக்காரன் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறான். பார்க்கட்டும்.

அம்மா பின்கதவைத் திறந்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார். "முழுகிப்போட்டு வா," என்கிறார். நான் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். தண்ணீரைத் திறந்ததும் பின்கதவின் கொளுக்கி கழல்கிற சத்தம் கேட்கும். சுடுதண்ணீர் முடிந்து பச்சைத்தண்ணீர் வரும்வரை நான் வெளியே வருவதில்லை.